கிறிஸ்தவ தேசீயமும் பரங்கி மதமும்

(தாம்பரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு கிறிஸ்தவ தேசீயம் என்பதாகும். "இது வெள்ளைக்காரன் நாட்டுச் சங்கதியாயிற்றே, தாம்பரத்தில் மார்க்கெட்டுக்கு வருகிறவனுக்கும் ரயிலுக்கு ஓடுகிறவனுக்கும் இதனால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்தச் சங்கதி நம் வீட்டு வாசல் வரையில் வந்து நிற்கிறது என்பதைக் காட்டுவதுதான் இன்று என் வேலை. நான் பெரிய கல்லூரிகளில் படித்தவனல்ல. அகப்பட்ட புத்தகங்களைப் படித்து, படித்ததை என் அறிவு கொண்டு சோதித்துப் பார்த்ததையே சொல்லுகிறேன். நீங்களும் அப்படியே சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

கிறிஸ்தவ தேசீயம் என்றால் என்ன? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டத்தார் சொல்லுவது இது: "எங்கள் தேசம் கிறிஸ்தவ தேசம். எங்கள் சட்டம், கல்வி, விஞ்ஞானம், சங்கீதம், சித்திரம், ஜனநாயகம் எல்லாம் கிறிஸ்தவத்தின் பிள்ளைகள். ஆகையால் அரசாங்கம் அந்த மதத்தைக் காப்பாற்றவேண்டும். மற்ற மதத்தாரும் மதமில்லாதாரும் விருந்தாளிகளைப்போல அடங்கி இருக்கவேண்டும்." இதுதான் சாரம். ஹங்கேரி தேசத்தில் 2012-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் முகவுரையில், தேசத்தைக் காப்பாற்றியதில் கிறிஸ்தவத்துக்குப் பங்குண்டு என்று எழுதி வைத்தார்கள். 2018-இல் அதைத் திருத்தி, கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பது அரசாங்கத்தின் ஒவ்வொரு அங்கத்துக்கும் கடமை என்று சேர்த்தார்கள். அதற்கு முன் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஓர் அரசியல் சட்டம் தயார் செய்தபோதும், முகவுரையில் கிறிஸ்தவத்தின் பேரைப் போடவேண்டுமென்று போப்பும் போலந்து, இத்தாலி முதலிய அரசாங்கங்களும் மன்றாடினார்கள். "மத சம்பந்தமான பாரம்பரியம்" என்று பொதுவாகப் போட்டார்களே ஒழிய அந்தப் பேரைப் போடவில்லை. அந்தச் சட்டமும் 2005-இல் பிரான்சிலும் ஹாலந்திலும் ஜனங்கள் ஓட்டுப்போட்டு மறுத்துவிட்டதால் அமுலுக்கு வராமலேயே போயிற்று.

காகம் உட்காரப் பனம்பழம்

முதலில் அவர்கள் சரித்திர வாதத்தைப் பார்ப்போம். ஐரோப்பா முன்னுக்கு வந்தது, ஐரோப்பியர் கிறிஸ்தவர், ஆகையால் கிறிஸ்தவத்தால்தான் முன்னுக்கு வந்தார்கள் என்கிறார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தால், காகம்தான் பழத்தைத் தள்ளிற்று என்பது போன்ற வாதம் இது.

ஆர்மீனியா நாலாவது நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே கிறிஸ்தவத்தை அரசாங்க மதமாக்கிக்கொண்டது. ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவின் அரசனும் அதே நூற்றாண்டில் கிறிஸ்தவனானான். நமக்குப் பக்கத்திலே, கொல்லத்துக் கிறிஸ்தவர்களுக்கு 849-ஆம் வருஷத்திலேயே செப்புப்பட்டயம் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் உள்ள லிதுவேனியாவோ 1387-இல்தான் அந்த மதத்துக்கு வந்தது. கிறிஸ்தவம்தான் ரயிலும் தந்தியும் கொடுக்குமென்றால், முதல் ரயில் எத்தியோப்பியாவில் அல்லவா ஓடியிருக்கவேண்டும்? ஆயிரம் வருஷம் முந்திச் சேர்ந்தவன் பின்தங்கி நிற்க, மற்றவன் முந்தினானென்றால் காரணம் வேறெங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

காரணங்கள் பல. அவன் கணக்குப் போடுகிற எண் இந்தியாவிலிருந்து அராபியர் கைமாறிப் போனது. காகிதமும் வெடிமருந்தும் சீனாவிலிருந்து போயின. கிரேக்க ஞானிகளின் புத்தகங்களில் பலவற்றை அராபியர் மொழிபெயர்த்து வைத்திருந்ததால்தான் அவன் திரும்பக் கற்றான். அந்தக் கிரேக்கர் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இருந்தவர்கள். பிற்பாடு கப்பலேறிப்போய் அடித்த கொள்ளையும், அடிமை வியாபாரமும் பணம் குவித்தன. இவ்வளவையும் ஒன்றாய்க் கட்டி, "எல்லாம் எங்கள் மதத்தின் மகிமை" என்பது கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற வேலையாகும்.

மதம் அறிவுக்குச் செய்த உதவியையும் கொஞ்சம் பாருங்கள். 1600-இல் ரோமாபுரியில் புரூனோ என்பவரை உயிரோடு கொளுத்தினார்கள். 1633-இல் கலீலியோ என்னும் கிழவரை விசாரணையில் நிறுத்தி, பூமி சுற்றவில்லை என்று சொல்லவைத்தார்கள். படிக்கக்கூடாத புத்தகங்களின் ஜாபிதா ஒன்றை 1559-இல் ஆரம்பித்து 1966 வரையில் வைத்திருந்தார்கள். வாஸ்தவமாகவே மடங்களில் ஓலைகளைப் போல ஏடுகளைக் காப்பாற்றிய துறவிகளும் உண்டு. கல்லூரிகள் வைத்த சபைகளும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரவை மாத்திரம் எழுதிவிட்டுச் செலவை மறைக்கிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியாவது வைத்துக்கொள்ளுவானா?

கடவுள் பேர் எந்தச் சட்டத்தில்?

அமெரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தத் தேசம் கிறிஸ்தவ தேசமாகவே பிறந்தது என்று அங்கே பெருங்கூச்சல் போடுகிறார்கள். ஆனால் 1787-இல் எழுதிய அவர்கள் அரசியல் சட்டத்தின் ஷரத்துகளில் கடவுளுக்கு அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. 1791-இல் செய்த முதல் திருத்தம், அரசாங்கம் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கக்கூடாது என்கிறது. 1797-இல் திரிப்போலி அரசாங்கத்தோடு செய்து முடித்த உடன்படிக்கையில், அமெரிக்க அரசாங்கம் கிறிஸ்தவ மதத்தின்மேல் கட்டப்பட்டதல்லவென்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கொடி வணக்கத்தில் கடவுளைச் சேர்த்தது 1954-இல். கடவுளை நம்புகிறோம் என்பதைத் தேசவாக்கியமாக்கினது 1956-இல். ரஷ்யாவோடு நடந்த போட்டியில் செய்த காரியங்கள் அவை.

அதே பூமியில் முகவுரையிலேயே சர்வ வல்லமையுள்ள கடவுளின் அருளைக் கேட்டு எழுதிய அரசியல் சட்டம் ஒன்றும் உண்டு. அது 1861-இல் தெற்கு ராஜ்யங்கள் பிரிந்துபோய் எழுதிக்கொண்டது. எதற்காகப் பிரிந்தார்கள்? நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்துக்கொள்ளும் உரிமைக்காக! அடிமைத்தனத்தைக் காக்கும் ஷரத்துகள் அந்தச் சட்டத்திலேயே இருந்தன. அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம். அடிமைகளே அந்த வேதத்திலிருந்து விடுதலையைப் படித்துக்கொண்டார்கள். ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் விலங்கு மாட்டினான், ஒருவன் விலங்கை உடைத்தான். அப்படியானால் நியாயம் எது என்று தீர்மானித்தது புத்தகமா, மனிதனுடைய அறிவும் இரக்கமுமா? யோசித்துப் பாருங்கள்.

தாம்பரத்து மகாநாடு

நிற்க, இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரி, 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனரி சென்னைப் பட்டணத்தில் வைத்த பள்ளிக்கூடத்திலிருந்து வளர்ந்தது. 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. வந்த மறு வருஷமே, 1938 டிசம்பரில், உலகத்து மிஷனரி சங்கங்களின் மகாநாடு அந்தக் கல்லூரியில் கூடிற்று. சீனாவில் கூடுவதாக இருந்தது. அங்கே ஜப்பான் படையெடுத்து யுத்தம் நடந்ததால் இங்கே மாற்றினார்கள். ஜான் மாட் என்னும் அமெரிக்கர் தலைமை வகித்தார். பல கண்டங்களிலிருந்து சுமார் 470 பிரதிநிதிகள் வந்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த சீனாவிலிருந்தும் வந்தார்கள், குண்டு போட்டுக்கொண்டிருந்த ஜப்பானிலிருந்தும் ககாவா முதலியவர்கள் வந்தார்கள், ஜெர்மனியிலிருந்தும் வந்தார்கள்.

அந்தச் சமயம் ஜெர்மனியில் கிறிஸ்தவ தேசீயம் எந்த நிலையில் இருந்தது? ஹிட்லர் கட்சி 1920-லேயே தன் திட்டத்தில் கிறிஸ்தவத்துக்கு ஆதரவாளனென்று எழுதிக்கொண்டது. 1933-இல் "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" என்றொரு கூட்டம் சபைகளைக் கைப்பற்றி, யூத வம்சத்தில் பிறந்த பாதிரிகளுக்குச் சபையில் வேலை கிடையாதென்று தீர்மானம் செய்தது. யூத குலத்தில் பிறந்த ஏசுவே அன்று பெர்லினுக்கு வந்திருந்தாலும், பிரசங்க பீடத்தில் ஏறுமுன் "பாட்டன் யார்?" என்று கேட்டிருப்பார்கள்! 1939-இல் ஐசனாக் என்னும் ஊரில், மதத்திலிருந்து யூத வாசனையைக் களைவதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1934-இல் பார்மன் ஊரில் கூடி, சபைக்கு ஹிட்லர் எஜமானனல்ல என்று துணிந்து சொன்ன கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நம் மரியாதை உரியது. ஆனால் தேசமும் மதமும் ஒன்றாகக் கைகோத்தால் முதல் பலி அந்த மதத்தின் யோக்கியதைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தத் தாம்பர மகாநாட்டுக்காகக் கிரேமர் என்னும் டச்சுப் பண்டிதர் பெரும் புத்தகமொன்று எழுதிக்கொண்டு வந்தார். கிறிஸ்துவின் மூலம் வந்த வெளிப்பாடு வேறு, மற்ற மதங்களெல்லாம் வேறு, இரண்டுக்கும் பாலமில்லை என்பது அவர் கட்சி. அதே வருஷம் சென்னையிலிருந்து சில தமிழ், தெலுங்குக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்த செஞ்சையா, தொழிலாளர் தலைவரும் 1941-இல் சென்னை மேயரானவருமான சக்கரைச் செட்டியார் முதலியவர்கள் அதில் எழுதினார்கள். அவர்கள் கேட்டது என்ன? "எங்களுக்கு ஏசு வேண்டும், சரி. சீமையிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய சபைக் கட்டுப்பாடும், பாதிரிப் பட்டமும், நூறு பிரிவும் எதற்காக?" என்று கேட்டார்கள். இது புதிய கேள்வியுமல்ல. 1857-லேயே நாசரேத்தில் சட்டம்பிள்ளை என்பவர் மிஷனரிகளோடு பிணங்கித் தனிச்சபை கண்டார். 1886-இல் சென்னையில் டாக்டர் புல்னி ஆண்டி தேசீய சபை என்று ஆரம்பித்தார். சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1930-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போய், கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாமென்று வாதாடினார்.

கவனித்தீர்களா தோழர்களே! கிறிஸ்தவ தேசீயம் என்ற அதே இரண்டு வார்த்தைக்கு அங்கே ஓர் அர்த்தம், இங்கே நேர்மாறான அர்த்தம். அங்கே தேசத்தை மதத்துக்கு அடிமைப்படுத்துவது. இங்கே தன் மதத்தை அந்நிய ஆதிக்கத்திலிருந்து விடுவிப்பது. பேரைக் கேட்டு ஏமாறாமல் யார், யார்மேல் அதிகாரம் கேட்கிறான் என்று பார்க்கவேண்டும்.

பரங்கிமலையின் சாட்சி

இங்கிருந்து கடற்கரை ரயிலில் ஏறினால் பல்லாவரம் தாண்டிப் பரங்கிமலை வருகிறது. பரங்கி என்பது ஐரோப்பியனுக்கு நம்மவர் வைத்த பேர். பரங்கிக்காய் பரங்கி கொண்டுவந்ததென்று பேராயிற்று. ஆனால் சாம்பாரில் போட்டுச் சாப்பிடுகிறவன் எவனாவது "இது அந்நியக் காய், நம் பண்பாட்டுக்கு ஆபத்து" என்கிறானா? மிளகாயும் அப்படிக் கப்பலில் வந்ததுதான். அதை இழந்தால் நம் சமையலறையே படுத்துவிடும்!

அந்தப் பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுகீசியர் ஒரு கற்சிலுவையைக் கண்டெடுத்தார்கள். தோமையார் அங்கே மாண்டார் என்பது கதை. அவர் வந்தாரென்பதற்குத் திட்டமான அத்தாட்சி எதுவும் கிடையாது. சிலுவை ரத்தம் வேர்த்ததென்பதோ மாரியம்மன் கண் திறந்த கதையின் தம்பி. ஆனால் அந்தக் கல்லில் எழுதியிருக்கும் எழுத்து மாத்திரம் கதையல்ல. அது பஹ்லவி என்னும் பாரசீக எழுத்து. அதாவது, பரங்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் உறவு ரோமாபுரியோடு அல்ல, பாரசீகத்தோடு. மதமே ஆசியாவில் பிறந்த மதந்தானே!

இந்த ஆசியக் கிறிஸ்தவருக்கு ஐரோப்பியக் கிறிஸ்தவன் என்ன மரியாதை செய்தான்? 1455-லேயே போப்பாண்டவர் போர்ச்சுகல் அரசனுக்குப் பிற நாடுகளைப் பிடிக்கவும், அந்த ஜனங்களை அடிமைப்படுத்தவும் சாசனம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கொள்கையை 2023-இல்தான் வத்திகான் தள்ளுபடி செய்தது. 1560-இல் கோவாவில் மத விசாரணை மன்றம் வைத்தார்கள். இடையில் சில வருஷம் நீங்கலாக 1812 வரையில் அது நடந்தது. 1599-இல் மலையாளத்து உதயம்பேரூரில் கோவா ஆர்ச்பிஷப் மெனேசஸ் ஒரு சபை கூட்டி, அங்கிருந்த கிறிஸ்தவர்களின் சிரியாக் பாஷைப் புத்தகங்களைக் குற்றமுள்ளவை என்று தீர்மானித்தார். திருத்தினவை போக மற்றவை நெருப்புக்குப் போயின. கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பாற்ற வந்தவன் கிறிஸ்தவ ஏடுகளையே கொளுத்தினான்! பொறுக்கமாட்டாமல் 1653-இல் மட்டாஞ்சேரியில் அந்த ஜனங்கள் கூடி, இனி அந்தப் பாதிரிகளுக்குக் கீழ்ப்படியோமென்று சிலுவையின்முன் சத்தியம் செய்தார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்களே, அது எல்லா மதத்துக்கும் பொருந்துகிற பழமொழி.

இரண்டு பேர், ஒரே பாட்டு

நான் முக்கியமாய்ச் சொல்லவந்தது இதுதான். அங்கே ஒருவன் "கிறிஸ்தவம் ஐரோப்பாவின் சொத்து" என்கிறான். இங்கே ஒருவன் "ஆமாம், அது பரங்கி மதம், ஆகையால் இங்கே இருக்கும் கிறிஸ்தவன் அந்நியன்" என்கிறான். இருவரும் சத்துருக்கள் போலத் தோன்றுகிறார்கள். ஆனால் பாடுவது ஒரே பாட்டு. ஒரு மண்ணுக்கு ஒரு மதம்தான் சொந்தம், மற்றவனெல்லாம் குடக்கூலிக்காரன் என்பதே அந்தப் பாட்டு. அங்கே அகதியாய்ப் போன முஸ்லிமைப் பார்த்து அவன் எதைச் சொல்லுகிறானோ, அதையே இங்கே நம் பக்கத்துத் தெருக் கிறிஸ்தவனையும் முஸ்லிமையும் பார்த்து இவன் சொல்லுகிறான். 2011 ஜனக்கணக்குப்படி இந்தியாவில் கிறிஸ்தவர் நூற்றுக்கு இரண்டேகால் பேர், நம் மாகாணத்தில் ஆறு பேர். இவர்கள் தேசத்தை விழுங்கிவிடுவார்கள் என்பவனை நம்புகிறவன் கணக்கையும் படிக்கவில்லை, சரித்திரத்தையும் படிக்கவில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் மதச் சிறுபான்மையோருக்கான ஒதுக்கீட்டு ஸ்தானங்களை நீக்கத் தீர்மானித்தபோது, அதை முன்னின்று ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் வங்காளத்துக் கிறிஸ்தவரான ஹெச். சி. முகர்ஜி. இவரையா அந்நியர் என்பது?

ஜாதி ஒழிந்ததா?

ஆனால் தோழர்களே, நம் நாட்டுக் கிறிஸ்தவத் தலைவர்களையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமுடியாது. வெள்ளைக்காரச் சட்டையைக் கழற்றிவிட்டீர்கள், சந்தோஷம். அதற்குப் பதிலாக எதை மாட்டிக்கொண்டீர்கள்?

1606-இல் மதுரைக்கு வந்த நோபிலி என்னும் இத்தாலியப் பாதிரி, தான் பரங்கியல்லவென்று சொல்லி, காவி கட்டி, பூணூல் போட்டு, ரோமாபுரிப் பிராமணர் என்று நடந்துகொண்டார். தமிழை நன்றாய்க் கற்றார்; அது பெருமைதான். ஆனால் மேல்ஜாதி கிறிஸ்தவத்துக்கு வரவேண்டும் என்பதற்காக ஜாதியையும் கூட அழைத்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஜாதிக்கொரு பக்கமாக இரண்டு கால் வைத்துக் கால்சட்டை மாதிரி ஒரு கோயிலே கட்டினார்கள். நடுவிலிருந்த சுவர் 1910-இல்தான் இடிபட்டது. பரலோகத்துக்குப் போகிற வழியிலும் இரண்டு வாசல்! 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் ஜாதி வித்தியாசம் உடனே ஒழியவேண்டுமென்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபையை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடமாட்டோம் என்று எத்தனை பேர் வெளியே போனார்கள்!

நம் செங்கற்பட்டு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுகிறவன் கிறிஸ்தவன், ஆனால் மிராசுதார் பண்ணையில் ஆதிதிராவிடனுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. "கிறிஸ்தவ அரசாங்கம்" நூறு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியது வரி. செங்கற்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் கௌடி முதலிய சில மிஷனரிகள் விடாமல் சத்தம் போட்டார்கள். கலெக்டர் திரெமன்ஹீர் விசாரித்து அறிக்கை எழுதினார். அதன்மேல் 1892 செப்டம்பரில் 1010-ஆம் நம்பர் உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் சொல்லுகிறோமே, அதன் ஆரம்பம் அங்கேதான். இதில் நாம் படிக்கவேண்டிய பாடம் என்ன? கிறிஸ்தவ அரசாங்கம் என்ற பேர் ஏழைக்கு ஒரு முழ நிலம் கொடுக்கவில்லை. நியாயம் தெரிந்த சில மனிதர் கேட்டார்கள், எழுதினார்கள், போராடினார்கள், அதனால் கிடைத்தது.

அந்த ஏழையின் பேரப்பிள்ளை இன்று என்ன நிலையில் இருக்கிறான்? 1950-இல் ராஷ்டிரபதி போட்ட உத்தரவின்படி, ஹிந்துவாக இருந்தால்தான் தாழ்த்தப்பட்டவன். 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனானவனை இன்னமும் சேர்க்கவில்லை. சேரியில் அதே குடிசை, டீக்கடையில் அதே பார்வை, கல்லறையில்கூட அநேக ஊர்களில் தனிச்சுவர். ஆனால் சர்க்கார் காகிதத்தில் அவன் ஜாதி போய்விட்டது! "உன் மதம் மாறிவிட்டது, ஆகையால் உரிமையில்லை" என்கிறது சர்க்கார். "எங்கள் மதத்தில் ஜாதி இல்லை" என்கிறது சபை, சுவரை மாத்திரம் விட்டுவைத்துக்கொண்டு. இரண்டு பெரிய மதங்களின் கௌரவத்துக்கு நடுவில் ஒரு மனிதன் நசுங்குகிறான். பண்பாடு, பாரம்பரியம், தேசீயம் என்று முழங்குகிறவர்கள் எவராயினும், முதலில் அந்த மனிதனுக்குப் பதில் சொல்லட்டும்.

முடிவாக

ஆகையால் நாம் வைத்துக்கொள்ளவேண்டிய உரைகல் ஒன்றே. ஒரு தேசம் கிறிஸ்தவ தேசமா, ஹிந்து தேசமா, முஸ்லிம் தேசமா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. அந்தத் தேசத்தில் கடைசியில் நிற்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, நிலம் உண்டா, கிணற்றில் தண்ணீர் உண்டா, பயமில்லாமல் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வாயுண்டா என்று கேளுங்கள். கோயிலுக்கோ, சர்ச்சுக்கோ, மசூதிக்கோ போகிறவன் போகட்டும், எங்கும் போகாதவன் வீட்டில் இருக்கட்டும். சர்க்கார் எந்த வாசலிலும் நிற்கவேண்டாம்.

சீமையிலிருந்து வருகிற நல்ல புத்தகத்தையும், வைத்தியத்தையும், நியாயத்தையும் பரங்கிக்காயைப்போல் தாராளமாய் எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் மதத்துக்கே தேசம் சொந்தம்" என்கிற சரக்கு மாத்திரம் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும் இறக்கவிடாதீர்கள். உள்ளூரில் தயாரானாலும் வாங்காதீர்கள்.

அடுத்த வீட்டுக் கிறிஸ்தவத் தோழனிடமும் இதைப் பேசுங்கள். அவனை அந்நியன் என்று எவனாவது மேடையில் சொன்னால், எழுந்து நின்று பரங்கிமலைக் கல்லில் எழுதியிருப்பது எந்த எழுத்து என்று கேளுங்கள். அவன் சபையில் ஜாதிச் சுவர் இருந்தால், அதையும் அவனோடு சேர்ந்துபோய்க் கேளுங்கள். இரண்டையும் கேட்கத் துணிந்தவன்தான் சுயமரியாதைக்காரன்.